தேநீர் இடைவேளை யாருக்கு?



காந்தலூரில் நடந்த சென்ற மாதக் கூட்டத்தில் நம் சங்கம் இரண்டு கோரிக்கைகளை முன்வைத்தது. பிள்ளைகள் விளையாட ஊருக்குள் சமதளமான ஒரு மைதானம் வேண்டும் என்பது ஒன்று. ஆண்டுக்கு ஒரு நாளாவது, கூலி வெட்டு இல்லாமல், குடும்பம் குடும்பமாக வண்டி ஏறிப் போய் ஒரு ரஞ்சிக் கோப்பை ஆட்டத்தைக் காலை முதல் மாலை வரை உட்கார்ந்து பார்த்துவிட்டு வர வேண்டும் என்பது மற்றொன்று.

இரண்டு பக்கத்திலிருந்தும் கல் விழுந்தது.

"பட்டா கிடைக்க வழியில்லை, லயத்துக் கூரை ஒழுகுகிறது, பூண்டு விலை படுத்துக் கிடக்கிறது. இந்த நேரத்தில் கிரிக்கெட் ஒரு கேடா?" என்று கேட்டவர் முப்பது ஆண்டுகளாக நம்மோடு கொடி பிடித்து வரும் பெரியவர். "ஒரு நாள் ஆள் வராவிட்டால் கொழுந்து முற்றிப் போகும், நஷ்டத்தை யார் கட்டுவது?" என்று மறுநாள் டீக்கடையில் கேட்டவர் தோட்டத்து மேற்பார்வை ஆள். எதிரெதிரே நிற்கும் இரண்டு பேர் ஒரே பேச்சைப் பேசினால் நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். பெரியவருக்கு மரியாதையோடு பதில் சொல்கிறோம். மற்றவருக்கும் அதே பதில்தான். மரியாதை மட்டும் கொஞ்சம் குறையும்.

பதில் சொல்ல இங்கிலாந்து வரை போக வேண்டியிருக்கிறது. பாஸ்போர்ட் வேண்டாம், கூடவே வாருங்கள்.

லெஸ்டரில் ஒரு நாள்

நம் சங்கக் குடும்பத்துப் பெண் ஒருத்தி இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். மறையூர்ப் பக்கம் கரும்புக் காட்டிலும் தேயிலையிலும் உழைத்த குடும்பம். படிப்புக்கு வாங்கிய கடன் இன்னும் அடையவில்லை. விசா முதலாளியின் கையில் இருக்கிறது. வேலை போனால் நாடும் போகும். ஆகவே அவள் அங்கே சுகவாசம் செய்கிறாள் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம்.

சென்ற கோடையில் தனக்குக் கிடைத்த ஒரு விடுப்பு நாளில், உடன் வேலை செய்யும் பெண்ணோடு அவள் கிரேஸ் ரோடு மைதானத்துக்குப் போனாள். லெஸ்டர்ஷயர் கவுண்டி அணியின் மைதானம் அது. கவுண்டி என்றால் நம் ஊர் ஜில்லா மாதிரி. அப்படி 18 கவுண்டி அணிகள், இரண்டு பிரிவாக ஆடுகின்றன. ஒவ்வொரு ஆட்டமும் நாலு நாள். நம் ரஞ்சிக் கோப்பைக்கு அது மூத்த அண்ணன். லெஸ்டர்ஷயர் பெரிய பணக்கார அணி ஒன்றும் அல்ல. 2025ல்தான் இரண்டாம் பிரிவில் முதலிடம் பிடித்து, இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து மேல் பிரிவுக்கு ஏறியது.

அன்று பார்த்ததை அவள் கைப்பேசியில் பேசித் தாய்க்கு அனுப்பியிருந்தாள். தாய் அதை எங்களிடம் கொண்டுவந்து போட்டுக் காட்டினார்.

"மைதானத்தைச் சுத்தி வரிசை வீடுங்கம்மா, நம்ம லயம் மாதிரி ஒட்டி ஒட்டி. உள்ளே போனா எல்லாம் வயசானவங்க. பென்ஷன்காரங்க. பிளாஸ்க்குல டீ, டப்பாவுல ரொட்டி. ஒருத்தர் பேப்பர் படிக்கிறாரு. ஒரு அம்மா கம்பளி பின்னிக்கிட்டே பாக்குறாங்க. எங்க பக்கத்துல ஒரு தாத்தா, பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவராம். ஒவ்வொரு பந்தையும் நோட்டுல குறிச்சுக்கிட்டே எனக்குச் சொல்லிக் குடுத்தாரு. பதினோரு மணிக்குத் தொடங்கினாங்க. மத்தியானம் நாப்பது நிமிஷம் சாப்பாட்டுக்கு விட்டாங்க. அப்ப எல்லாரும் புல்லுல இறங்கி நடக்கிறாங்க, யாரும் விரட்டல. அப்புறம் இருபது நிமிஷம் டீக்கு விட்டாங்க. சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் இருந்தேம்மா. டிக்கெட்டுக்கு எனக்கு ரெண்டு மணி நேரக் கூலி ஆச்சு. நாள் பூரா யாரும் என்னை எந்திரின்னு சொல்லல."

அதைக் கேட்டு முடித்த தாய் எங்களிடம் கேட்ட கேள்வி இது: "நாள் பூரா சும்மா உக்காந்திருந்தேன்னு சொல்றாளே, இவளுக்கு உடம்புக்கு ஏதும் முடியலையா?"

தோழர்களே, இந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிடாதீர்கள். நாற்பது ஆண்டு கொழுந்து பறித்த ஒரு தாய்க்கு, ஒரு மனுஷி பகலில் உட்கார்ந்திருக்கிறாள் என்றால் அதற்கு ஒரே காரணம்தான் தெரிகிறது: நோய். காய்ச்சலில் படுத்தால் ஓய்வு, பிரசவத்தில் ஓய்வு, பிணமானால் ஓய்வு. உடம்பு நன்றாக இருக்கும்போதே ஒரு மனிதப் பிறவி ஒரு நாள் உட்கார்ந்து, தனக்குப் பிடித்த ஒன்றை வேடிக்கை பார்க்கலாம் என்பதே நம் வீடுகளில் நினைப்பில் இல்லாமல் போய்விட்டது. கூரை ஒழுகுவது கண்ணுக்குத் தெரிகிறது, அதற்கு மனு எழுதுகிறோம். இந்த ஒழுகல் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அந்த நாள் வானத்திலிருந்து விழவில்லை

"வெள்ளைக்காரன் ஊரில் அப்படித்தான் இருக்கும்" என்று சிலர் சொல்வார்கள். அது அறியாமை. அந்தப் பஸ் தாத்தாவின் பகல் பொழுது அவருக்குத் தானாக வந்ததல்ல.

நாங்கள் ரயில்வேக்காரர்கள் என்பதால் ஒரு ரயில் கதை சொல்கிறோம். 1841 ஜூலை 5 அன்று இதே லெஸ்டரிலிருந்து லஃப்பரோ என்ற ஊருக்கு ஒரு தனி ரயில் விட்டார்கள். தாமஸ் குக் என்பவர் மதுவிலக்குக் கூட்டம் ஒன்றுக்காக ஏற்பாடு செய்த வண்டி அது. ஆளுக்கு ஒரு ஷில்லிங். ஏறக்குறைய 500 பேர் போனார்கள். இன்றைய சுற்றுலாத் தொழிலுக்கு அந்த வண்டியைத்தான் தொடக்கமாகச் சொல்கிறார்கள். ஆனால் ரயிலும் சலுகைக் கட்டணமும் இருந்தால் மட்டும் போதுமா? ஏறிப் போக நாள் வேண்டாமா? பஞ்சாலைகளில் பெண்களும் சிறுவர்களும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்று 1850ல் சட்டம் வந்தது. தொழிலாளர்கள் பல ஆண்டு போராடிய பிறகு வந்த சட்டம் அது. 1871ல் பொது விடுமுறைகளுக்குச் சட்டம் வந்தது. கவுண்டிகளுக்கு இடையிலான போட்டி முறைப்படி 1890ல் தொடங்கியபோது, மைதானத்துக்கு வர ஒரு கூட்டம் இருந்தது. அந்தக் கூட்டத்துக்கு ஒரு அரை நாள் இருந்தது. இன்று அங்கே முழுநேர வேலையில் இருப்பவருக்கு ஆண்டுக்கு 28 நாள் சம்பளத்தோடு விடுப்பு என்பது சட்டம்.

மைதானத்துக்கு உள்ளேயும் அவர்கள் வர்க்கம் பார்த்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. கூலி வாங்காமல் ஆடும் செல்வந்தர்களுக்கு 'ஜென்டில்மேன்' என்று பெயர். கூலிக்கு ஆடுபவர்களுக்கு 'பிளேயர்' என்று பெயர். ஒரே அணிக்கு ஆடினாலும் உடை மாற்றத் தனித்தனி அறை, களத்துக்கு இறங்கத் தனித்தனி வாசல். அச்சடித்த அட்டையில் செல்வந்தருக்கு முதலெழுத்து பெயருக்கு முன்னால் வரும், கூலிக்காரருக்குப் பின்னால் வரும். மிடில்செக்ஸ் அணியின் ஃபிரெட் டிட்மஸ் பெயரில் முதலெழுத்துகள் தவறி முன்னால் அச்சாகிவிட்டதற்கு, லார்ட்ஸ் மைதானத்தில் ஒலிபெருக்கி வைத்துத் திருத்தம் சொன்னார்கள். இந்தப் பிரிவினை 1962ல்தான் ஒழிந்தது. யார்க்ஷயர் அணியோ தன் மாவட்டத்து மண்ணில் பிறந்தவனைத் தவிர வேறு ஆளைச் சேர்ப்பதில்லை என்று 1992 வரை பிடிவாதமாக இருந்தது. இனவெறியும் பெண்களை ஒதுக்குவதும் வர்க்கப் பாகுபாடும் அந்த நாட்டுக் கிரிக்கெட்டில் பரவிக் கிடப்பதாக அவர்களே அமர்த்திய விசாரணைக் குழு 2023 ஜூனில் அறிக்கை கொடுத்தது.

ஆகவே இங்கிலாந்தைக் கும்பிடச் சொல்லி இதை எழுதவில்லை. வாசல் இரண்டாக இருந்தது, ஒன்றாக்கினார்கள். ஓய்வு நாள் இல்லாமல் இருந்தது, சட்டமாக்கினார்கள். கேட்டவர்களுக்குக் கிடைத்தது. இதுதான் பாடம்.

மண் கோப்பையில் தேநீர்

இதே கவுண்டி மைதானங்களில் நம் நாட்டுத் தொழிலாளி ஒருவர் நூறு ஆண்டுகளுக்கு முன்பே வெள்ளைக்காரர்களைத் தண்ணீர் குடிக்க வைத்திருக்கிறார். பல்வங்கர் பாலூ என்று பெயர். தாழ்த்தப்பட்ட சமூகத்தில் பிறந்தவர். புனேயில் வெள்ளைக்காரர் கிளப்பில் புல் தரையைப் பராமரிக்கும் கூலியாக இருந்தார். துரைகள் மட்டை பழகப் பந்து போட ஆள் வேண்டும் என்பதற்காகப் பந்து போடப் பழகியவர். மட்டையை அவர் கையில் கொடுக்கவில்லை. அது துரைகளுக்கு உரியது. பிறகு புனே இந்துக்கள் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. வெள்ளைக்காரனை வெல்ல அவருடைய கை வேண்டியிருந்தது. ஆனால் தேநீர் இடைவேளையில் மற்றவர்கள் உள்ளே பீங்கான் கோப்பையில் குடிக்க, பாலூவுக்கு மட்டும் வெளியே, தூக்கி எறியும் மண் கோப்பையில் தேநீர்.

1911ல் இந்திய அணி முதன்முறையாக இங்கிலாந்து சென்று கவுண்டி அணிகளோடு ஆடியது. தலைவர் பட்டியாலா மகாராஜா. விக்கெட் எடுத்தவர் பாலூ. அந்த ஒரே பயணத்தில் நூற்றுக்கு மேல். அந்த அணியிடம் தோற்ற கவுண்டிகளில் ஒன்று நம் பெண் போய் உட்கார்ந்து வந்த அதே லெஸ்டர்ஷயர். தாயகம் திரும்பிய பாலூவைத் தாழ்த்தப்பட்ட மக்கள் கூடி வரவேற்றார்கள். இவ்வளவு செய்தும் பம்பாய் இந்துக்கள் அணி அவரை ஒருநாளும் தலைவராக்கவில்லை.

இந்தத் தேநீர் இடைவேளையை நாம் உற்றுப் பார்க்க வேண்டும். ஒரு நாள் ஆட்டத்தில் இருபது நிமிடம் எல்லாம் நின்றுவிடுகிறது. ஆடுபவனும் உட்காருகிறான், பார்ப்பவனும் உட்காருகிறான். கையில் கோப்பை. அந்தக் கோப்பைக்குள் இருப்பது அசாமிலும் இலங்கை மலையகத்திலும் நம் மூணாறிலும் குனிந்த முதுகுகள் பறித்த இலை. ஊரெல்லாம் உட்கார்ந்து குடிக்க ஒரு இடைவேளை. அதைப் பறித்தவளுக்கு உட்கார ஒரு நாள் இல்லை.

நம் மலையில் நடந்தது என்ன?

ரயில் இங்கிலாந்தில் தொழிலாளியை ஆட்டம் பார்க்க ஏற்றிக்கொண்டு போன காலத்தில், நம் மலையில் என்ன செய்தது? மூணாறில் 1902ல் ஒற்றைத் தண்டவாளம் போட்டு மாடு கட்டி இழுத்தார்கள். 1908ல் அதை மாற்றிச் சின்ன ரயில் விட்டார்கள். 1924 வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போனது. அந்த வண்டி டாப் ஸ்டேஷன் வரை தேயிலைப் பெட்டிகளைச் சுமந்தது. அங்கிருந்து கயிற்றுப் பாதையில் கீழே இறங்கி, போடி வழியாகப் பெட்டிகள் கடல் தாண்டின. போடி மலைப் பாதையில் நம் பாட்டனும் பாட்டியும் கால்நடையாக ஏறி வந்தார்கள். பெட்டிக்கு ரயில், மனிதனுக்குக் கால்.

துரைமாருக்கு கிளப் இருந்தது. ஹைரேஞ்ச் கிளப் இன்றும் இருக்கிறது. கோல்ஃப் ஆடத் திடல் இருந்தது. நம்மவர்களுக்கு ஒன்றுமே இல்லை என்று சொன்னால் அது பொய். பழைய மூணாறு மைதானத்தில் ஃபின்லே ஷீல்டு கால்பந்து நடக்கிறது. எஸ்டேட்டுக்கு எஸ்டேட் மோதும் அந்த ஆட்டங்களுக்கு ஜீப்பிலும் நடந்தும் தொழிலாளர்கள் வந்து சேர்வதை யாரும் பார்க்கலாம். இதிலிருந்து தெரிவது என்ன? மைதானம் இருந்தால் நம் மக்கள் வருவார்கள். "இவர்களுக்கு விளையாட்டில் ருசி இல்லை" என்று சொல்பவன் நம் மக்களை அறியாதவன்.

சட்டமும் நம் பக்கம் இருந்தது. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 13ஆம் பிரிவு, தொழிலாளர்களுக்கும் பிள்ளைகளுக்கும் பொழுதுபோக்கு வசதி செய்து தர நிர்வாகத்தைக் கட்டாயப்படுத்த மாநில அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. கூரை, குடிநீர், ஆஸ்பத்திரி ஆகியவற்றோடு ஒரே வரிசையில் எழுதப்பட்ட உரிமை அது. யாரும் போட்ட பிச்சை அல்ல. இப்போது 2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டங்களுக்குப் பதில் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். அதிலும் தோட்டத் தொழிலாளிக்குப் பொழுதுபோக்கு வசதி என்ற சொல் இருக்கிறது. மாநில அரசு விதி எழுதினால்தான் அந்தச் சொல்லுக்கு உயிர் வரும். விதி எழுதும் காலத்தில் வாய் மூடி இருந்துவிட்டு, பிறகு மார்பில் அடித்துக்கொள்வதில் பயன் இல்லை.

இருபது நாள் வேலை செய்தால் ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு என்றும் சட்டம் உண்டு. அந்த நாட்கள் எங்கே போகின்றன? சொந்த ஊரில் சாவு என்றால் அதற்கு. மாரியம்மன் பொங்கலுக்குத் தேனிப் பக்கமோ நெல்லைப் பக்கமோ போய்வர அதற்கு. மிச்சம் தேவிகுளம் தாலுகா ஆபீஸ் வாசலில் கழிகிறது. பிள்ளைக்குச் சாதிச் சான்று வேண்டுமானால் 1950க்கு முன்பே நம் குடும்பம் இங்கே வந்ததற்குக் காகிதம் கொண்டு வா என்கிறார்கள். லயத்தில் பிறந்து லயத்தில் செத்த பாட்டனின் காகிதத்தை எங்கே தேடுவது? தேடி அலைந்தே விடுப்பு தீர்ந்துவிடுகிறது. ஆட்டம் பார்க்க ஒரு நாள் கேட்பவனைப் பார்த்து "உனக்குத்தான் லீவு இருக்கிறதே" என்பவன் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில் நம் ஆண்களுக்கும் ஒரு சொல். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை என்று சட்டம் சொல்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆண் சலூனுக்குப் போகிறான், கடைத்தெருவுக்குப் போகிறான், கைப்பேசியில் கிரிக்கெட் பார்க்கிறான். பெண் விறகு பொறுக்குகிறாள், ஒரு வாரத்துத் துணியைத் துவைக்கிறாள், ரேஷன் வாங்குகிறாள், ஆறு நாளும் கொழுந்துக்குப் போன கையால் ஏழாம் நாள் கறி அரைக்கிறாள். ஞாயிறு ஆணுக்கு ஓய்வு, பெண்ணுக்கு வீட்டில் இன்னொரு மஸ்டர். கம்பெனியிடம் நாம் கேட்கும் நீதியை நம் அடுப்படியில் நாம் கொடுக்கிறோமா? சங்கம் ஏற்பாடு செய்யும் வண்டியில் முதல் இருக்கைகள் பெண்களுக்கு என்று தீர்மானித்திருப்பது இதனால்தான். அன்றைக்குச் சோறு கட்டுவது ஆண்கள் வேலை. முணுமுணுப்பவர்கள் முணுமுணுக்கட்டும்.

தோல் நிறம் மாறினால் போதுமா?

இன்னொரு வகை நண்பர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு எல்லாவற்றிலும் பெருமைதான். "நம் முரளிதரன் அந்த லங்காஷயருக்கே ஆடியவர் தெரியுமா?" என்பார்கள். தெரியும். அவருடைய பாட்டனார் 1920ல் தமிழ்நாட்டிலிருந்து இலங்கை மலையகத்துக்குத் தோட்ட வேலைக்குப் போனவர். பேரன் லங்காஷயர், கென்ட், குளோஸ்டர்ஷயர் கவுண்டிகளுக்குப் பந்து வீசினார். 2010ல் டெஸ்ட் ஆட்டத்தில் 800ஆவது விக்கெட்டை எடுத்தார். அவருடைய அரசியல் பேச்சுகளில் நமக்குள் கருத்து வேறுபாடு உண்டு, அது வேறு விஷயம். பந்து வீச்சில் யாருக்கும் வேறுபாடு இல்லை. ஆனால் தோட்டத்துக் குடும்பத்துப் பேரன் ஒருவர் மேலே போனதால் லயத்துப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் மைதானம் வந்துவிட்டதா? ஒருவர் ஏணியில் ஏறினால் கைதட்டுவோம். கீழே நிற்பவர்களுக்கு ஏணி எங்கே என்றும் கேட்போம்.

"சென்னை சன் குழுமம் லீட்ஸ் அணியையே வாங்கிவிட்டது!" என்றும் சொல்கிறார்கள். உண்மைதான். இங்கிலாந்தில் நூறு பந்து ஆட்டம் என்று ஒரு புதுப் போட்டி நடத்துகிறார்கள். அதன் எட்டு அணிகளின் பங்குகளை 2025ல் விற்றார்கள். யார்க்ஷயர் கவுண்டி நடத்திய லீட்ஸ் நகரத்து அணியை ஏறக்குறைய 10 கோடி பவுண்டுக்கு முழுதாக வாங்கியது சன் குழுமம். 1992 வரை அயலான் கால் வைக்கக் கூடாது என்ற யார்க்ஷயரில் இன்று தமிழ்நாட்டு முதலாளியின் பெயர்ப் பலகை! வேடிக்கைதான். கடன் கழுத்தை நெரித்தால் பிறந்த மண் பேச்செல்லாம் பறந்துவிடும் என்பது தெரிகிறது. ஆனால் இதில் காந்தலூர்த் தொழிலாளிக்கு என்ன வந்தது?

முதலாளியின் தோல் நிறம் மாறினால் என்ன நடக்கும் என்பதை நம் மலையே பார்த்திருக்கிறது. ஃபின்லே துரைகள் போனார்கள், டாடா வந்தது. 2005ல் தொழிலாளர்களையும் ஊழியர்களையும் பங்குதாரர்களாக வைத்துப் புதிய கம்பெனி வந்தது. 2015 செப்டம்பரில் என்ன நடந்தது? பங்குப் பத்திரம் வைத்திருந்த அதே பெண்கள், 20 சதவீதமாக இருந்த போனஸ் 10 சதவீதமாகக் குறைந்தபோது, 232 ரூபாய் நாட்கூலியோடு மூணாறு நடுத்தெருவில் உட்கார்ந்தார்கள். பெம்பிளை ஒருமை என்று பெயர் வைத்துக்கொண்டு, தொழிற்சங்கத் தலைவர்களையும் தள்ளி நிறுத்தி உட்கார்ந்தார்கள். போனசும் கருணைத் தொகையும் சேர்த்து 20 சதவீதம் கிடைத்தது. பிறகு கூலி 301 ரூபாய் ஆனது. அவர்கள் பகலில் சேர்ந்து உட்கார்ந்த நாட்கள் அவை. உட்கார்வதற்கு உள்ள பலத்தை அன்று மலையே பார்த்தது.

ஆட்டத்தைப் பார், ஆளைப் பார்க்காதே

ஏன் ரஞ்சி ஆட்டம், ஏன் ஐ.பி.எல். இல்லை என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். முதல் காரணம் பணம். ரஞ்சி ஆட்டத்துக்குப் பெரும்பாலும் நுழைவுக் கட்டணமே இல்லை. இரண்டாவது காரணம், அது உழைப்பாளியின் ஆட்டம். வெயிலில் நாள் முழுக்க ஒரே இடத்தில் பந்து போடுகிறவனின் பொறுமையைக் கொழுந்து பறிப்பவளைவிட வேறு யார் அறிவார்கள்?

2025 ஜனவரியில் டெல்லியில் ஒரு ரஞ்சி ஆட்டம். விராட் கோலி ஆடுகிறார் என்று ஆயிரம் ஆயிரமாகக் கூட்டம். எதிரணி ரயில்வே. ஹிமான்ஷு சங்வான் என்ற பந்து வீச்சாளர், ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக வேலை பார்த்தவர், கோலியை 6 ரன்னில் ஸ்டம்பைச் சாய்த்து அனுப்பினார். கூட்டம் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டது! ரயில்வே குமாஸ்தாக்களாகிய எங்களுக்கு ஒரு பக்கம் நெஞ்சு நிமிர்ந்தது, மறு பக்கம் வருத்தம். ஒரு உழைப்பாளி தன் வாழ்நாளின் சிறந்த பந்தைப் போட்டதும் இருக்கைகள் காலி. அவர்கள் ஆட்டம் பார்க்க வரவில்லை, ஆளைப் பார்க்க வந்தார்கள். சினிமாவிலும் அரசியலிலும் ஆளைப் பார்த்தே கெட்டவர்கள் நாம். லெஸ்டர் பஸ் தாத்தா யார் ஆடினாலும் நோட்டில் குறித்துக்கொண்டிருந்தார் அல்லவா? அந்தப் பழக்கம் நமக்கும் வேண்டும்.

கேரளத்திலும் பார்க்க ஆட்டம் இருக்கிறது. வயநாட்டு மலைமேல் கிருஷ்ணகிரி மைதானத்தில் 2019 ஜனவரியில் குஜராத்தை வென்றுதான் கேரளம் முதன்முறையாக ரஞ்சி அரையிறுதிக்குப் போனது. 2025ல் நாக்பூரில் இறுதி ஆட்டம் வரை போய், விதர்பாவிடம் முதல் இன்னிங்ஸ் ரன்னில் பின்தங்கிக் கோப்பையை விட்டது. அதே வயநாட்டில் கூலித் தொழிலாளியின் மகளாகப் பிறந்து, வயலில் பையன்களோடு ஆடிப் பழகிய குறிச்சியர் பழங்குடிப் பெண் மின்னு மணி, 2023ல் இந்திய அணிக்கு ஆடினார். மலை தடையில்லை, ஏழ்மை தடையில்லை, பெண் என்பதும் தடையில்லை, மைதானம் இருந்தால்!

காந்தலூரில் மைதானத்துக்கு ஏற்ற சமதளம் இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. 2023ல் மத்திய சுற்றுலா அமைச்சகம் காந்தலூருக்குச் சிறந்த சுற்றுலாக் கிராமம் என்று தங்கப் பரிசு கொடுத்தது. பரிசு வந்ததும் நிலத்துக்குக் கண்பட்டுவிட்டது. சமமான இடம் எங்கே கண்டாலும் ஒரு ரிசார்ட்டுக்குக் கல் நடுகிறார்கள். வெளியூரார் வந்து உட்கார்ந்து ஆப்பிள் மரத்தைப் பார்க்க நூறு நாற்காலி. உள்ளூர்ப் பிள்ளை ஓட நூறு கெஜம் இல்லை. இன்று கேட்காவிட்டால் பத்து ஆண்டு கழித்துக் கேட்க நிலமே இருக்காது. பட்டாவும் கூரையும் முதலில் என்று சொன்ன பெரியவரே, அவற்றை நாம் கைவிடவில்லை. ஆனால் பட்டா வந்த பிறகு மைதானம் கேட்கலாம் என்று இருந்தால், அந்த நிலத்துக்கும் வேறு யாரோ பட்டா வாங்கியிருப்பார்கள்.

நாம் கேட்பவை

1. காந்தலூர் ஊராட்சி எல்லைக்குள் பொது மைதானத்துக்கென்று நிலம் ஒதுக்கி, வேறு எதற்கும் மாற்றக் கூடாது என்று தீர்மானம் எழுத வேண்டும்.

2. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்கான மாநில விதிகளில், தோட்டம்தோறும் விளையாட்டு மைதானம் என்பதை வெளிப்படையாக எழுத வேண்டும்.

3. ஆண்டுக்கு ஒரு நாள் குடும்ப உல்லாச விடுப்பு, முழுக் கூலியோடு. தோட்டத்துக்கு மட்டுமல்ல, கரும்பு வெட்டுக்கும் காய்கறிக் காட்டுக்கும் போகும் நாட்கூலிக்காரர்களுக்கும் அந்த நாள் கூலியை முதலாளிகளும் ஊராட்சியும் சேர்ந்து ஈடுகட்ட வேண்டும்.

4. மைதானத்தில் பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரம், உடை மாற்ற அறை, கழிப்பறை.

தோட்டத்து மேற்பார்வையாளர் கேட்ட நஷ்டக் கணக்குக்கும் பதில் சொல்லி முடிக்கிறோம். மழை கொட்டும் நாளில் கொழுந்து நிற்கிறது, தலைவர்கள் செத்தால் நிற்கிறது, பந்த் என்றால் நிற்கிறது. இத்தனை நாள் நின்றும் செடி செத்துவிடவில்லை. நாம் சந்தோஷமாக இருக்க ஒரு நாள் நின்றாலும் சாகாது.

அடுத்த கூட்டம் வரும் மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை. ஆண்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு பெண்களைக் கூட்டத்துக்கு அனுப்பி வையுங்கள். வருகிறவர்கள் ஒரு சுருள் கயிறும் நாலு முளைக்குச்சியும் கொண்டு வாருங்கள். மட்டையும் பந்தும் பிறகு வாங்கிக்கொள்ளலாம். முதலில் நிலத்தை அளப்போம்.